செட்டிநாட்டு வெயில்ல ரேர் ஐசோபாட் வளர்த்து குட்டி எடுக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐசோபாட்னா செங்கல்லுக்கு அடியில ஈரத்துல கிடக்கிற சின்ன ஜீவன், அதை பொட்டியில வச்சு வளர்க்கிறாங்க. யூடியூப்ல ஐசோபாட் வீடியோ போடுறவங்க முக்கால்வாசி பேர் குளிர் நாட்டுக்காரங்க. பொட்டி சூடாகலையே, கீழ ஹீட் மேட் போடலாமா, இதுதான் அவங்க கவலை. நமக்கு அப்படியே தலைகீழ். காரைக்குடி தேவகோட்டை பக்கம் சித்திரை வைகாசியில 38, 40 டிகிரி சர்வசாதாரணம், காத்தும் காஞ்சு போய்த்தான் அடிக்கும், அந்த வீடியோவை அப்படியே காப்பி அடிச்சு பொட்டி வச்சா ஒரே மதியத்துல மொத்தமும் முடிஞ்சுரும். அதனால இதுல ஐசோபாட் வாங்குற பேச்சு பாதிக்கு மேலதான் வரும். அதுக்கு முன்னாடி இடம், பொட்டி, மண்ணு, இலை. இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கங்க. பாக்க பூச்சி மாதிரி இருந்தாலும் ஐசோபாட் பூச்சி இல்ல, நண்டு இறால் சொந்தக்காரன், தண்ணியை விட்டு கரையேறி வந்த வகை. 7 ஜோடி கால் இருக்கும். மூச்சு விடுறது வயித்துக்கு அடியில பின்பக்கம் இருக்கிற மெல்லிசு தகடு வழியா, அந்தத் தகடு எப்பவும் கொஞ்சம் நனைஞ்சே இருக்கணும். காஞ்சுட்டா மூச்சு முட்டி செத்துரும், அதுக்குன்னு தண்ணியை ஊத்தி சேறாக்குனாலும் செத்துரும். மொத்த வளர்ப்புக்கலையும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு. மரவட்டையோட குழப்பிக்காதீங்க, அதுல உருண்டுக்கிற வகையும் உண்டு. மரவட்டைக்கு பெரும்பாலான கணுவுல ரெண்டு ரெண்டு ஜோடி கால், இதுக்கு ஒரு ஜோடிதான், திருப்பிப் போட்டுப் பாத்தா தெரிஞ்சுரும்.

இடம்

பழைய வீடு வாய்ச்சவங்க பாக்கியசாலிங்க. வளவை, அதாவது நடுமுற்றத்தை ஒட்டி உள்ளடங்கி இருக்கிற அறை, கனமான சுண்ணாம்புச் சுவரு, கீழ ஆத்தங்குடி தரைக்கல்லு, இதை விட நல்ல ஐசோபாட் ரூம் காசு குடுத்தாலும் கட்ட முடியாது. பொட்டியை தரையில இருந்து ஒரு அடி ரெண்டு அடிக்குள்ள வைங்க, மேல போகப் போக சூடு. மாடி அறை, மேற்கு பாத்த சுவரு, ஃபிரிட்ஜ் பின்பக்கம், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கான்கிரீட் வீட்டுக்காரங்க கீழ்த்தளத்துல கிழக்கு இல்ல வடக்கு பாத்த ரூமா புடிங்க. ஏசி ரூம்ல வச்சா நல்லதுதானேன்னு கேப்பீங்க, நல்லதுதான், ஆனா ஏசி ஈரத்தை உறிஞ்சிரும், அதோட மே மாசம் கரண்ட் போற மதியம்தான் அதுக்கு எமன். ஏசியை மட்டும் நம்பி ஆரம்பிக்காதீங்க.

கம்பி சென்சார் வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க. ரூம் சூடு வேற, பொட்டிக்குள்ள இருக்கிற சூடு வேற, சென்சாரை உள்ள மண்ணுல செருகித்தான் பாக்கணும். பெரும்பாலான வகைக்கு 22ல இருந்து 28 டிகிரி சுகம். 30ஐத் தாண்டுனா, கியூபாரிஸ்னு உருண்டுக்கிற ஒரு இனம் இருக்கு, அதுல ரேர் வகை எல்லாம் திங்கிறதைக் குறைச்சு மண்ணுக்குள்ள போயிரும், அதுக்கும் மேல ஏறி நின்னா சாவு விழும்.

கோடைக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மண்தொட்டி. அகலமான மண்தொட்டியில மணலைப் போட்டு நனைச்சு, அதுக்குள்ள இன்னொரு மண்தொட்டி, அதுக்குள்ள பொட்டி, மேல ஈரச்சாக்கு, காத்தோட்டத்தை அடைக்காம. காத்து காஞ்சிருக்கிற வரைக்கும் இது அருமையா வேலை செய்யும், தண்ணி ஆவியாகும்போது சூட்டை இழுத்துட்டுப் போறதுதான் சங்கதி. மழைக்காலத்துல காத்துலயே ஈரம் இருக்கிறதால பிரயோஜனப்படாது, அப்ப தேவையும் படாது. இன்னொண்ணு தெர்மாகோல் பெட்டி, ஃப்ரீஸர்ல உறைய வச்ச தண்ணி பாட்டிலை துணியில சுத்தி ஒரு மூலையில வைக்கிறது, பாட்டில் வளர்ப்புப் பொட்டியைத் தொடக்கூடாது, காலையில ஒண்ணு மதியம் ஒண்ணு மாத்தணும். அக்னி நட்சத்திரம் முடியிற வரைக்கும் இந்த ஊழியம் உண்டு. இதுக்கு வீட்டுல ஆள் இல்லைன்னா ரேர் வகை பக்கமே போகாதீங்க, சத்தியமா சொல்றேன்.

பொட்டியும் மண்ணும்

6 லிட்டர்ல இருந்து 10 லிட்டர் வரைக்கும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கச்சுவரு வழவழன்னு இருந்தா ஏறி வராது. எதிரெதிர் பக்கத்துல ஓட்டை போட்டு, ஒண்ணு கீழ ஒண்ணு மேல, மெல்லிசான ஸ்டீல் வலையை ஒட்டிருங்க. கொசுவலைத் துணி வேண்டாம், எறும்பு கடிச்சு வழி பண்ணிரும். கியூபாரிஸ் வகைக்கு ஓட்டை சின்னதா இருக்கட்டும், பார்செலியோன்னு இன்னொரு இனம், அதுக்கு காத்து நல்லா போகணும், பெருசா வெட்டுங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில பீங்கான் ஜாடி, எனாமல் டப்பாவெல்லாம் பாத்து ஆசை வரும், அழகாத்தான் இருக்கும், ஆனா காத்து போகாது, அதுல ஊறுகாய் போடுங்க.

மண்ணுக்கு முக்கியமான சரக்கு தென்னை நார்த்தூள், காயர் பித்துன்னு கட்டியா விக்கிறது. அதுல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவை ஊற வச்சு பிழிஞ்சு ஊத்துங்க. அதோட நல்லா மக்குன இலைமக்கு அதே அளவு, மக்கி உதிருற கட்டைத் தூள் ஒரு பங்கு, கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு. நம்ம செம்மண்ணு ஒரு கைப்பிடி போதும், அதிகமானா காஞ்சு கல்லாயிரும், குட்டி எல்லாம் உள்ள போக முடியாது. எரு போடலாமான்னா, மாட்டுக்கு பூச்சி மருந்து ஊசி போட்டிருந்தா அந்த மருந்து சாணியில இறங்கி வரும், ஐவர்மெக்டின் மாதிரி மருந்தெல்லாம் இதுகளுக்கு விஷம், மாடு யார் வீட்டு மாடுன்னு தெரியாம எருவைத் தொடாதீங்க. கலவை 6, 7 சென்டிமீட்டர் ஆழம் இருக்கணும், கியூபாரிஸ்க்கு இன்னும் கொஞ்சம் கூட.

போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு பழைய அலுமினியச் சட்டியில ஆவி கட்டி எடுங்க, பூரான் குஞ்சு, எறும்பு, சிலந்தி, உண்ணி எல்லாம் போயிரும். இட்லிக் கொப்பரையில பண்ணலாம்தான், அப்புறம் ஆச்சிக்கு யார் பதில் சொல்றது.

இலை, கட்டை, சுண்ணாம்புச் சத்து

இலைதான் சோறு, மத்ததெல்லாம் தொடுகறி. காஞ்சு பழுப்பாகி தானா விழுந்த இலையா இருக்கணும், பச்சை இலை ஆகாது. நம்ம ஊர்ல ராஜா யாருன்னா நாட்டு பாதாம் இலை, அதுக்கப்புறம் பலா, கொய்யா, மா. மாவிலை கொஞ்சம் முரடு, மக்க நாளாகும், கலந்து போடுங்க. வேப்பிலை கூடவே கூடாது, அதுல இருக்கிறதே பூச்சிக்கொல்லி. அடுத்தது தைலமரம், நம்ம பக்கம் போற வழியெல்லாம் தைலமரத் தோப்புதான், இலையும் குவிஞ்சு கிடக்கும், அந்த எண்ணெய் ஆகாது. ரோட்டோரம் பொறுக்காதீங்க, மருந்தடிக்கிற தோட்டத்துலயும் பொறுக்காதீங்க.

கட்டைன்னா வெள்ளையா பொங்கி, விரல்ல அழுத்துனா உள்ள போற மாதிரி மக்குன கட்டை. வீடு இடிக்கிற இடத்துல பர்மா தேக்குத் துண்டு சும்மா கிடைக்குதேன்னு கொண்டாந்து போடுறாங்க. தேக்கு நூறு வருஷமானாலும் மக்காம இருக்கிறதுக்குத்தான் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்தாக, அதை எப்படி இது திங்கும். கரையான் மருந்து, பாலிஷ் வேற ஏறியிருக்கும். ஒளியிறதுக்கு நாட்டு ஓடு, பானை ஓடு உடைச்சுப் போடுங்க, ஈரத்தை வாங்கி வச்சுக்கும், அதுக்கு அடியிலதான் எல்லாம் கூடிக் கிடக்கும்.

ஓடு உரிச்சு வளர்ற ஜீவன்ங்கிறதால கால்சியம் இல்லாம ஆகாது. முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்க வச்சு, காய வச்சு, பொடிச்சுத் தூவுங்க. நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு கேட்டா கணவாய் ஓடு தருவாக, ஒரு துண்டு போட்டா மாசக்கணக்குல வரும். வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பை எடுத்துப் பூசிறாதீங்க, அது காரம், வெந்து போகும். ஆனா பழைய சுவருல இருந்து உதிருற சுண்ணாம்புக் காரை வேற கதை, வருஷக்கணக்கா காத்துல இருக்கிற கரியமில வாயுவை வாங்கி வாங்கி அது திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாவே ஆயிருக்கும், காரம் இருக்காது. பெயிண்ட், சிமெண்ட் படாத உள்காரையா பாத்து எடுத்து, தண்ணியில ஊற வச்சு அலசிப் போடுங்க. ரப்பர் டக்கின்னு விக்கிற ரேர் கியூபாரிஸ் எல்லாம் தாய்லாந்து பக்கம் சுண்ணாம்புக்கல் குகை, பாறை இடுக்குல இருந்து வந்ததுங்க, அதுகளுக்கு இது பிறந்த வீட்டுச் சீர் மாதிரி.

இப்ப பொட்டியில மூணுல ஒரு பங்கு எப்பவும் ஈரம், மீதி காஞ்ச பக்கம்னு பிரிங்க. ஈரப்பக்கத்துல தேங்காய் நார் இல்லன்னா பாசி வச்சு அது மேல மட்டும் தண்ணி விடணும். மொத்தப் பொட்டிக்கும் ஸ்பிரே அடிக்கிற பழக்கத்தை விடுங்க. எது வேணுமோ அது நடந்து போய் எடுத்துக்கும். குழாய்த் தண்ணியில குளோரின் வாசனை அடிச்சா ஒரு ராத்திரி திறந்து வச்சு ஊத்துங்க, வளவுல பிடிச்சு வச்ச மழைத்தண்ணி இருந்தா அதுதான் முதல் தரம்.

ஸ்பிரிங்டெயில்னு வெள்ளையா தூசி மாதிரி குதிக்கிறது ஒண்ணு இருக்கு, அதையும் முன்னாடியே விட்டுருங்க. பூஞ்சையை அதுதான் மேயும். ஒரு டப்பாவுல அடுப்புக்கரித் துண்டு, கால்வாசி தண்ணி, அரிசி நாலு மணி, இவ்வளவுதான் அதோட பண்ணை. பெருகுனதும் கரியோட தட்டி விட வேண்டியதுதான்.

ஓசி ஐசோபாட்டை வச்சு பரீட்சை

காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுக் கொல்லையில செங்கல்லைப் புரட்டுங்க, உரக்குழி பக்கம் பாருங்க. நீலச்சாம்பல்ல பவுடர் பூசுன மாதிரி, தொட்டதும் விழுந்தடிச்சு ஓடுறது இருந்தா அது பார்செலியோனைடிஸ் புருயினோசஸா இருக்க நிறைய வாய்ப்பு. 1833ல பிராண்ட்ங்கிற விலங்கியல்காரர் பேர் வச்ச வகை, உலகம் பூரா மனுஷனோடயே பரவுனது. கடையில பவுடர் ப்ளூ, பவுடர் ஆரஞ்சுன்னு விக்கிறது இதோட கலர் வகைகள்தான். ஒரு இருபது பிடிச்சு நீங்க கட்டுன பொட்டியில விடுங்க. ஒரு முழு கோடை, ஒரு முழு மழைக்காலம் அது தாண்டணும். பெருகுச்சுன்னா உங்க இடமும் பொட்டியும் பாஸ். வீட்டுல சிரிப்பாக, பூச்சிக்கு சாப்பாடு போட்டு வளர்க்கிறவனை எங்கயாவது பாத்திருக்கீகளான்னு கேப்பாக, கேக்கட்டும்.

எதை வாங்குறது

ரெண்டாவது படிக்கு கியூபாரிஸ் முரினா. இதுவும் வெப்பநாடு எல்லாத்துலயும் இருக்கிற வகை, உருண்டுக்கும், நல்லா பெருகும், பப்பாயா, க்ளேசியர்னு வெளிர் கலர்ல கிடைக்கும். ட்வார்ஃப் வொயிட் கொஞ்சூண்டு வெள்ளைப் பொடி, ஆண் இல்லாமலே பெருகுற வகை. கறுப்பு வெள்ளையா பெருசா வேணும்னா பார்செலியோ லேவிஸ் டெய்ரி கவ், பசி அதிகம், புரதம் குறைஞ்சா ஓடு உரிச்சுட்டு இருக்கிற கூட்டாளியையே கடிக்கும். இதெல்லாம் தாண்டுன பிறகு பாண்டா கிங்ங்கிற கியூபாரிஸ், அதுக்கும் மேல ரப்பர் டக்கி.

ஆர்மடில்லிடியம் க்ளுகி, ஜீப்ரா, இதெல்லாம் ஐரோப்பாக்காரங்க, நம்ம வெயில்ல சீசனுக்கு சீசன் போராட்டம். ஸ்பெயின் நாட்டு பெரிய பார்செலியோ பாக்க ராஜா மாதிரி இருக்கும், காத்தோட்டம், காஞ்ச பக்கம், மெதுவான இனப்பெருக்கம்னு மூணும் சேந்து படுத்தும். ஆசைதான், நான் வைக்க மாட்டேன்.

இன்னொண்ணு, ரேர்னு விக்கிற கியூபாரிஸ்ல பலதுக்கும் அறிவியல் பேரே வைக்கல, ரப்பர் டக்கியும் அதுல ஒண்ணு, கியூபாரிஸ் எஸ்பின்னு போட்டு ஒரு செல்லப்பேர்தான். அதனால பேரை நம்பாதீங்க, பெரிய ஐசோபாட், குட்டி, அடிப்பக்கம் எல்லாம் போட்டோ கேளுங்க. நம்ம நாட்டுலயே வளர்ப்புல பிறந்ததான்னு கேளுங்க. வெளிநாட்டுல இருந்து உயிரோட வரவழைக்க அனுமதி, குவாரண்டைன்னு முறை இருக்கு, பார்சல்ல ஒளிச்சு அனுப்புறேன்னு சொல்றவன்கிட்ட வாங்கி மாட்டிக்காதீங்க.

எத்தனை வாங்குறது? ஜோடின்னு வாங்குறது வேஸ்ட். ஆணுக்கு அடிவயித்துல நீளமா கூர்மையா ரெண்டு முள்ளு மாதிரி தெரியும், சின்ன கியூபாரிஸ்ல அதைப் பாக்கிறது கஷ்டம். 10, 12 கலந்து வாங்குனா ரெண்டும் இருக்கும். பெருசா மட்டும் வாங்காம நடுத்தரமா வாங்குங்க, கிழடு வந்து சேந்தா குட்டி போடாமயே போயிரும்.

வாங்குற மாசம் கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும். பங்குனிக்கு மேல கூரியர் வண்டியில வெந்துரும். சென்னையில ஆள் இருந்தா பல்லவன் ரயில்ல கையோட கொண்டு வரச் சொல்லுங்க, மதியத்துக்கு மேல கிளம்பி ராத்திரி காரைக்குடி வந்துரும், வெயில் படாது. வந்ததும் டப்பாவைத் திறந்து கொட்டாதீங்க, வளர்ப்புப் பொட்டி பக்கத்துலயே ஒரு மணி நேரம் வச்சு சூடு சமமானதும் பாசி, இலை எல்லாத்தோடயும் ஈரப்பக்கத்துல கவுத்திருங்க, அந்த இலையில குட்டி ஒட்டியிருக்கும். அப்புறம் பத்து நாள் தோண்டிப் பாக்காம இருக்கிறதுதான் பெரிய தவம்.

தீனி

இலை தீரவே கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை பறங்கிக்காய், கேரட், வெள்ளரி ஒரு சின்னத் துண்டு, அடுத்த நாள் மீதியை எடுத்துருங்க. புரதத்துக்கு மீன் தீனி ரெண்டு உருண்டை, இல்லைன்னா சென்னாக்குன்னியை, அதாவது காஞ்ச பொடி இறாலை நல்லா ஊற வச்சு உப்பு போக அலசி ஒரு சிட்டிகை. சமையல் மிச்சம் வேண்டாம், நம்ம ஊர் மசாலாவுக்கு மனுஷனே தண்ணி குடிக்கிறான். அதோட புழுக்கையை சுத்தம் பண்றேன்னு மொத்த மண்ணையும் மாத்தாதீங்க. இதோட ரத்தத்துல இரும்புக்குப் பதிலா தாமிரம், அந்தத் தாமிரத்தை தன் புழுக்கையைத் திரும்பத் தின்னும் எடுத்துக்கும்.

குட்டி

இதுக்குத்தானே இவ்வளவும். முட்டையை எங்கயும் விடாது, பெண் வயித்துக்கு அடியில ஒரு பை, அதுக்குள்ள தண்ணி, அதுல முட்டை மிதக்கும். கண்ணாடி டப்பாவுல விட்டு அடியில இருந்து பாத்தா வெள்ளையா, மஞ்சளா உப்பி இருக்கும். அப்படிப் பாத்தா திரும்ப விட்டுருங்க, கையில பிடிச்சு போட்டோ எடுக்காதீங்க, பயந்தா பையை உதறிரும். மூணு நாலு வாரத்துல, சூட்டைப் பொறுத்து, வெள்ளைப் பொடியா குட்டி இறங்கும். பிறக்கும்போது 6 ஜோடி காலுதான், ஏழாவது ஜோடி ஓடு உரிச்ச பிறகுதான் வரும். இந்த வாரத்துல ஈரப்பக்கம் காஞ்சுச்சுன்னா மொத்த ஈத்தும் போச்சு. தண்ணி விடுறவங்க ஊருக்குப் போகாதீங்க.

பவுடர் வகை ரெண்டு மூணு மாசத்துலயே வயசுக்கு வந்து கூட்டமா போடும். ரப்பர் டக்கிக்கு அரை வருஷத்துக்கு மேல ஆகும், ஒரு ஈத்துல சில குட்டிதான், அதனாலதான் அந்த விலை. குட்டி வரலையேன்னு தோண்டுனா இன்னும் தள்ளிப்போகும். மேல கிடக்கிற பானை ஓடு ஒண்ணை மட்டும் தூக்கிப் பாத்துட்டு அப்படியே வைங்க.

புதுசா வளர்க்கிறவங்க ஒரு விஷயத்துக்கு பயந்துருவாங்க. பின்பாதி மட்டும் வெளுத்து, முன்பாதி பழைய கலர்ல, பாதி செத்த மாதிரி அசையாம இருக்கும். ஒண்ணும் இல்ல, ஓடு உரிக்குது. முதல்ல பின்பாதி, ஒரு நாள் கழிச்சு முன்பாதி. உரிச்ச ஓட்டை அதுவே தின்னுரும், எடுத்துப் போடாதீங்க. ஆனா இயற்கையா அந்தக் கலர் இல்லாத வகையில ஒண்ணு மட்டும் ஊதாவா, பளபளன்னு நீலமா மாறுச்சுன்னா அது இரிடோவைரஸ், மருந்து கிடையாது, பாத்த உடனே அதைத் தனியா எடுத்துருங்க.

எதிரிங்க

எறும்புதான் முதல் எதிரி. மேசை நாலு காலுக்கும் கிண்ணத்துல தண்ணி, பழைய காலத்து ஆட்கள் பலகார அலமாரிக்கு வச்ச அதே வழி, மேசை சுவரைத் தொடக்கூடாது. எறும்புச் சாக்பீஸ், கொசுவத்தி, சுவிட்ச்ல மாட்டுற கொசு மருந்து, இது எதுவும் அந்த ரூம்ல கூடாது, எறும்பைக் கொல்றது ஐசோபாட்டையும் கொல்லும். ஐப்பசி கார்த்திகையில மழை புடிச்சதும் தண்ணி விடுறதைப் பாதியாக் குறைங்க. வெயில்ல சாகிறதை விட அடைமழையில மூடி போட்டு அழுகிச் சாகிறதுதான் கண்ணுக்குத் தெரியாம நடக்கும். மண்ணு புளிச்ச வாடை அடிச்சா மூடியைத் திறந்து விட்டு, காஞ்ச இலையை அள்ளிப் போடுங்க, நல்ல மண்ணுக்கு மழை மண்ணு வாசனைதான் வரும். சின்ன உண்ணி பெருகுனா தீனியை நிறுத்தி காய விடுங்க.

பிரிக்கிறது

ஐம்பது அறுபது சேந்ததும் ரெண்டாப் பிரிங்க. பெருசு, நடுத்தரம், குட்டி எல்லாத்துலயும் பாதி, பழைய மண்ணுல ஒரு பங்கு எடுத்து புதுப் பொட்டியில கலந்து. பேரு, எங்க இருந்து வந்தது, தேதி எல்லாம் எழுதி ஒட்டுங்க, ரெண்டு கியூபாரிஸ் வகையை ஒரே பொட்டியில போடாதீங்க, கலந்துட்டா எதுவுமே விக்கிற பேருக்கு ஆகாது. கூடிப்போச்சுன்னு ஊருணிக்கரையிலயோ கொல்லையிலயோ கொண்டு போய் விடுறது கூடாது. வெளியூரு ஜீவன், அங்க என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. வேண்டாத மண்ணைக்கூட ஃப்ரீஸர்ல ரெண்டு நாள் வச்சுத்தான் கொட்டணும். ரெண்டாவது பொட்டியை அதே அறையில வைக்காம பள்ளத்தூர்லயோ கோட்டையூர்லயோ சொந்தக்காரங்க வீட்டுல, இதுல ஆர்வம் இருக்கிற பிள்ளை யாராவது இருந்தா அங்க குடுத்து வைங்க. இங்க எறும்பு ஏறிருச்சுன்னாலும் அங்க இருந்து பத்து எடுத்துக்கலாம்.